பழைய ஆபீஸ் சிபியுவில் ஃப்ரீபிஎஸ்டி: 15,000 ரூபாய்க்குள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-ஓ, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ள புராசஸர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவை ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள். ஓட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் கம்பெனிகள் கழித்துக் கட்டுகின்றன. சென்னை ரிச்சி தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் கடைகளில் அடுக்கிக் கிடக்கும் கறுப்பு நிற டெல், எச்பி, லெனோவா சிபியுக்களில் இந்த வகை நிறைய. விண்டோஸுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட இவைதான் ஃப்ரீபிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கு நன்றாக ஒத்துப்போகின்றன. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நான் தேடியது வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ், கொஞ்சம் புரோகிராமிங், இவ்வளவுதான் தினசரி வேலை. அது போக, குடும்பப் போட்டோக்களும் ஸ்கேன் செய்த பத்திரங்களும் இசட்எஃப்எஸ் என்ற கோப்பமைப்பில் (டிஸ்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் முறை) இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இசட்எஃப்எஸ்ஸைத் தன் சொந்தப் பிள்ளை போல வைத்திருப்பது ஃப்ரீபிஎஸ்டி. இன்ஸ்டாலரிலேயே அது ஒரு தேர்வாக வந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி 1993-லிருந்து தொடர்ந்து வெளிவரும் இயங்குதளம், பெர்க்லி யூனிக்ஸின் நேர் வாரிசு. நெட்ஃப்ளிக்ஸ் வீடியோக்களை அனுப்பும் சர்வர்கள் ஓடுவது இதில்தான். ஆனால் அங்கே ஹார்டுவேரை எஞ்சினியர்கள் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். வீட்டுக்கு வாங்கும்போது அந்த வேலை நம் தலையில். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் ஏற்கெனவே இருந்ததால் பெட்டிக்கும் உள்ளே போடுவதற்கும் சேர்த்து 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டேன்.

இந்தக் காசுக்குப் புது லேப்டாப்பே கிடைக்கிறதே என்று வீட்டில் கேட்டார்கள். கிடைக்கிறது. செலரான் புராசஸர், மதர்போர்டிலேயே பற்றவைத்த ரேம், எஸ்எஸ்டிக்குப் பதில் இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பு சிப். விண்டோஸுக்கே மூச்சு வாங்கும். ஃப்ரீபிஎஸ்டி என்றால் வைஃபை சிப்பில் ஆரம்பித்து டச்பேட் வரை ஒவ்வொன்றுக்கும் டிரைவர் (அந்தச் சாதனத்தை இயக்கும் மென்பொருள்) தேட வேண்டியிருக்கும்.

ஹார்டுவேர் கம்பெனிகள் விண்டோஸ் டிரைவரைத் தாங்களே எழுதிவிடுகின்றன. லினக்ஸுக்கும் இப்போது பலர் எழுதுகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டிக்கு வரும்போது கிராபிக்ஸ் டிரைவரை லினக்ஸிலிருந்தே எடுத்து, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு வைத்து ஓட்டுகிறார்கள். இன்டெல்லுக்கும் ஏஎம்டிக்கும் இதே வழிதான். நான் போட்ட ஃப்ரீபிஎஸ்டி 14-ஆம் வரிசையில் இருக்கும் கிராபிக்ஸ் டிரைவர் லினக்ஸ் 6.1-லிருந்து வந்தது. லினக்ஸ் 6.1 வெளியானது 2022 டிசம்பர். அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த கிராபிக்ஸ் சிப்பை இதில் நம்பி வாங்கக் கூடாது. 2015-ல் வந்த ஸ்கைலேக் (ஆறாம் தலைமுறை), 2017-ல் பரவிய கேபிலேக் (ஏழாம் தலைமுறை) என்றால் கவலை இல்லை. அவற்றின் டிரைவர்களில் இருந்த பிழைகளை மற்றவர்கள் திட்டித் தீர்த்து, சரி செய்து, வருடக்கணக்காகிவிட்டது. பழைய மெஷின் யூனிக்ஸுக்குப் பொருந்துவதற்குக் காரணம் இதுதான்.

அதனால் கடைக்குப் போகுமுன் பிராண்டைப் பற்றி யோசிக்கவே இல்லை. சிப்களைத்தான் குறித்துக்கொண்டேன். கிராபிக்ஸ் புராசஸரோடு வரும் இன்டெல்லாக இருக்க வேண்டும், தனி கார்டு வேண்டாம். ஈத்தர்நெட், அதாவது கேபிள் நெட்வொர்க் சிப், இன்டெல் ஐ217 அல்லது ஐ219. இரண்டுமே இஎம் என்ற பழம்பெரும் டிரைவரின் கீழ் வருபவை. ரியல்டெக் 8111 கிடைத்தாலும் ஓடும், அதற்கு ஆர்இ என்று ஒரு டிரைவர் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே விலைக்குக் கிடைக்கும்போது இன்டெல்லை எடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

டெல் ஆப்டிபிளெக்ஸில் இந்த வித்தியாசம் மாடல் எண்ணிலேயே தெரியும். 3040-ல் ரியல்டெக், 5040-லும் 7040-லும் இன்டெல். ரேமும் அப்படித்தான்: 3040, 5040 இரண்டும் பழைய டிடிஆர்3எல் வகை, 7040 மட்டும் அடுத்து வந்த டிடிஆர்4. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே பெட்டி, கடையில் மூன்றையும் "ஆறாவது ஜென் ஐ5" என்றுதான் சொல்வார்கள். இனிமேல் ரேம் கூட்ட வேண்டுமென்றால் எதைத் தேடுவது சுலபம் என்று யோசித்து, 7040 என்று முடிவு செய்துகொண்டுதான் வண்டி ஏறினேன். எச்பி எலைட்டெஸ்க் 800 இரண்டாம் தலைமுறையும் லெனோவா திங்க்சென்டர் எம்900-உம் இதற்குச் சமமானவை. எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதுவே போதும்.

அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடை மூடியிருக்கும். பையில் ஒரு பென் டிரைவ் கொண்டு போனேன். அதில் நோமட்பிஎஸ்டி. ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்டு, பென் டிரைவிலிருந்தே முழு டெஸ்க்டாப்பாக எழும்பும் அமைப்பு இது. முதல்முறை பூட் ஆகும்போது மொழி, பாஸ்வேர்டு என்று கேட்டு நேரம் எடுக்கும் என்பதால் அந்த வேலையை வீட்டிலேயே வேறொரு கணினியில் முடித்துவிட்டேன். கடைக்காரரை நிற்க வைத்துக்கொண்டு பாஸ்வேர்டு யோசிப்பது மரியாதை இல்லை.

கடைப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "சார், எல்லாம் செக் பண்ணி வச்சதுதான். விண்டோஸ் 11 பைபாஸ் பண்ணிப் போட்டுத் தர்றேன், சூப்பரா ஓடும்" என்றார்.

"விண்டோஸ் வேண்டாம் தம்பி. டிஸ்க்கும் வேண்டாம், அதுக்கு விலையைக் குறைச்சுக்கோங்க. ஒரு பென் டிரைவ் போட்டுப் பாக்கணும், அவ்வளவுதான்."

"லினக்ஸா சார்?"

"அது மாதிரி ஒண்ணு."

டெல்லில் எஃப்12 அழுத்தினால் எதிலிருந்து பூட் செய்வது என்ற பட்டியல் வரும். எச்பி என்றால் எஃப்9, லெனோவாவில் எஃப்12. அங்கீகாரம் இல்லாத அமைப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட் வசதியை முதலில் அணைக்க வேண்டும், அதற்கு டெல்லில் எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் (போர்டின் அடிப்படை அமைப்புத் திரை) போக வேண்டும். இங்கே ஒன்றைக் கவனித்தே ஆக வேண்டும்: பயாஸ் பாஸ்வேர்டு கேட்கிறதா என்று. கம்பெனிகளிலிருந்து வரும் மெஷின்களில் சில, பழைய ஐடி பிரிவு போட்ட பூட்டோடு வந்துவிடும். விண்டோஸை ஏற்கெனவே போட்டு வைத்திருந்தால் பூட்டு கண்ணில் படாது. முதலில் எடுத்து வைத்த பெட்டி அப்படித்தான் கேட்டது. பையன் ஒன்றும் சொல்லாமல் அதை உள்ளே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து வந்தார்.

இரண்டாவது பெட்டி எழும்பியது. டெர்மினலைத் திறந்து பிசிஐகான்ஃப் கட்டளையை எல், வி என்ற இரண்டு ஆப்ஷன்களோடு கொடுத்தேன். போர்டில் உள்ள ஒவ்வொரு சாதனமும் ஒரு பத்தியாக வரும். பத்தியின் முதல் சொல்தான் முக்கியம். அந்தச் சாதனத்தைப் பிடித்துக்கொண்ட டிரைவரின் பெயர் அங்கே இருக்கும். ஈத்தர்நெட் வரியில் இஎம்0, கீழே ஐ219-எல்எம் என்று பெயர். ஒலிக்கு எச்டிஏசி0, கிராபிக்ஸுக்கு விஜிஏபிசிஐ0. டிரைவர் கிடைக்காத சாதனம் என்றால் அந்த இடத்தில் "நன்" என்று இருக்கும், பக்கத்தில் ஒரு எண்ணோடு. இதில் ஒரே ஒரு நன் இருந்தது, இன்டெல்லின் மேலாண்மை எஞ்சின் கன்ட்ரோலர். அதற்கு டிரைவர் இல்லாததால் நமக்கு ஒரு நஷ்டமும் இல்லை. வருத்தப்பட வேண்டிய நன் என்றால் அது நெட்வொர்க், டிஸ்க் இரண்டின் வரிகளில் வருவதுதான்.

ஆர்வக்கோளாறில் அதே பென் டிரைவை மேசையில் இருந்த ஒரு மலிவு விலை லேப்டாப்பிலும் செருகிப் பார்க்கப் பையனே சொன்னார். அதில் வைஃபை வரியில் நன். டச்பேட் அசையவில்லை. திரை வந்தது, ஆனால் யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்) கொடுத்த அடிப்படைத் திரையில், விண்டோவை இழுத்தால் இழுபட்டுக்கொண்டு வந்தது. "இது உங்க சாஃப்ட்வேருக்குப் புதுசு போல சார்" என்றார் பையன். சரியாகத்தான் சொன்னார்.

"ஒரு கிராபிக்ஸ் கார்டும் போட்டுக்கோங்க சார், ஜிடி 730 இருக்கு, கம்மியா தர்றேன்" என்ற வியாபாரமும் நடந்தது. என்விடியா ஃப்ரீபிஎஸ்டிக்கென்றே அதிகாரபூர்வ டிரைவர் தருவது உண்மைதான். ஆனால் ஜிடி 730 என்ற பெயரில் விற்றதில் இரண்டு சாதி உண்டு. சிலவற்றில் ஃபெர்மி சிப், சிலவற்றில் கெப்ளர் சிப். ஃபெர்மி என்றால் 390 வரிசை டிரைவர், கெப்ளர் என்றால் 470 வரிசை. இரண்டுமே ஓய்வு கொடுக்கப்பட்ட வரிசைகள். அட்டைப் பெட்டியில் எந்தச் சிப் என்று பெரிதாகப் போட்டிருக்காது. ஏற்கெனவே உள்ளே இருக்கும் எச்டி கிராபிக்ஸ் 530 என் வேலைக்குத் தாராளம். வேண்டாம் என்றுவிட்டேன்.

7040-ன் சின்ன கேபினட், ஐ5-6500, 8 ஜிபி ரேம், டிஸ்க் இல்லாமல் 8,500 ரூபாய்க்குப் படிந்தது. பில்லோடு. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டியைப் புதிதாகவே, வாரண்டியோடு, வேறு கடையில் 3,400-க்கு வாங்கினேன். ரேமும் கேபினட்டும் பழசாக இருக்கலாம், தரவு உட்காரும் இடம் பழசாக இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. பெயர் தெரியாத எஸ்எஸ்டியைப் போட்டு "256 ஜிபி" என்று விற்கும் பழக்கம் இந்த வியாபாரத்தில் இருப்பதால், டிஸ்க் இல்லாமல் கேட்பது நல்லது. இன்னொரு 8 ஜிபி ரேம், பயன்படுத்தியது, 1,300 ரூபாய். "டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான் சார்" என்றார்கள். இசட்எஃப்எஸ் 8 ஜிபியிலும் ஓடும், 16 இருந்தால் பிரவுசரும் அதுவும் சண்டை போடாமல் இருக்கும்.

வாங்கும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய இன்னொன்று பவர் சப்ளை. இந்த ஆபீஸ் சிபியுக்களில் போர்டுக்குப் போகும் கனெக்டர் வழக்கமான 24 பின் கிடையாது. கம்பெனிக்கே உரிய அளவு. அது போய்விட்டால் கடைத்தெருவில் கிடைக்கும் சாதா எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதே மாடலுக்கு உரியதைத்தான் தேட வேண்டும். ரிச்சி தெருவில் அது பழையதாகக் கிடைக்கிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடுத்தேன். வேறு ஊரில் வாங்குபவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். எங்கள் ஏரியா மின்சாரத்தின் லட்சணத்துக்கு முதலில் போகப்போவது அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் திறப்பு விழா. மேல் தாழ்ப்பாளை இழுத்தால் மூடி கழன்றுவிடும், ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். ஆபீஸ் மெஷின்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பராமரிப்பவனை நினைத்து யாரோ வடிவமைத்திருக்கிறார்கள். உள்ளே பத்து வருஷத் தூசி. ப்ளோயரைப் பால்கனிக்குக் கொண்டு போய் அடித்தேன். அடிக்கும்போது ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். ஹீட் சிங்க்கின் நான்கு ஸ்க்ரூக்களைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி எடுத்தால், அடியில் தெர்மல் பேஸ்ட் காய்ந்து விபூதியாக உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு இரண்டு பக்கமும் துடைத்து, நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினேன். 180 ரூபாய் டியூப், இன்னும் பாதி மிச்சம்.

இதற்குப் பலன் உண்டா என்று அளக்க வேண்டுமல்லவா. துடைப்பதற்கு முன்பே பென் டிரைவில் பூட் செய்து, புராசஸரின் வெப்பத்தைக் காட்டும் கோர்டெம்ப் மாட்யூலை ஏற்றி, நான்கு கோர்களுக்கும் வேலை கொடுத்துப் பார்த்திருந்தேன்: 84 டிகிரி. பேஸ்ட் மாற்றிய பிறகு அதே வேலைக்கு 66. ஃபேன் சத்தமும் அடங்கிவிட்டது.

போர்டில் இருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் கையோடு மாற்றினேன். 40 ரூபாய் சமாச்சாரம். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை பிளக்கைப் பிடுங்கும்போதும் தேதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். அந்தத் தேதியில் பேக்கேஜ் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கணினி நினைத்துக்கொள்ளும், டவுன்லோடு மறுக்கப்படும். நெட்வொர்க் டிரைவரில் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள், காரணம் பேட்டரியாக இருக்கும்.

அடுத்து இன்ஸ்டலேஷன். அப்போது 15.0-உம் வந்திருந்தது. வீட்டு மெஷினில் புள்ளிக்குப் பின்னால் சுழியம் இருக்கும் எதையும் போடுவதில்லை என்பதால் 14.3. இன்ஸ்டாலரின் இமேஜைப் பென் டிரைவில் எழுதி, பூட் செய்து, டிஸ்க் தேர்வுக்கு வந்தால், புது என்விஎம்இயைக் காணோம். பட்டியலில் பென் டிரைவ் மட்டும் இருந்தது.

இது எஸ்எஸ்டி கோளாறு கிடையாது. இந்த மாதிரி மெஷின்களில் பயாஸில் சேட்டா ஆபரேஷன் என்ற இடத்தில் "ரெய்டு ஆன்" என்று இருக்கும். அந்த நிலையில் இன்டெல்லின் ஸ்டோரேஜ் அமைப்பு என்விஎம்இயைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துவிடும். விண்டோஸில் இன்டெல்லின் டிரைவர் போட்டால்தான் தெரியும், என் ஃப்ரீபிஎஸ்டி இன்ஸ்டாலருக்கும் தெரியவில்லை. எஃப்2-வில் போய் அதை ஏஎச்சிஐ என்று மாற்றி, சேமித்து, மறுபடி பூட் செய்தால் என்விஎம்இ தன் பெயரோடு நிற்கும். ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் டிஸ்க்கில் இதை மாற்றினால் அந்த விண்டோஸ் பூட் ஆகாமல் போகலாம், இரண்டையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கவனிக்கவும். எனக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

ஆட்டோ இசட்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஈத்தர்நெட் கேபிளை ரூட்டரில் செருகியதும் ஐபி எண் (நெட்வொர்க் முகவரி) வந்துவிட்டது.

அந்தக் கேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. ரூட்டர் ஹாலில், என் மேசை உள் அறையில். வைஃபை வேண்டுமென்றால் ஆர்டிஎல்8188இயு சிப் உள்ள சின்ன டாங்கிள் ஒன்றை வாங்கலாம், ஆர்டிடபிள்யூஎன் டிரைவர் அதை எடுத்துக்கொள்ளும். ஆனால் இந்த டாங்கிள்களில் ஒரு வில்லங்கம். ஒரே மாடல் பெயரில், பெட்டியின் மூலையில் வெர்ஷன் எண்ணை மட்டும் மாற்றி, உள்ளே வேறு சிப்பை வைத்து விற்பார்கள். ஆன்லைனில் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்தால் எந்த வெர்ஷன் வரும் என்பது நம் அதிர்ஷ்டம். 250 ரூபாய்க்குக் கேட்-6 கேபிள் வாங்கிச் சுவரோரமாக ஓட்டிவிட்டேன். கேபிளுக்கு டிரைவர் தேவையில்லை. வேகமும் முழுசாக வரும்.

கேபிளும் இல்லை, வைஃபையும் ஓடவில்லை என்ற நிலை வந்தால் ஆண்ட்ராய்டு போன் கை கொடுக்கும். போனை யுஎஸ்பியில் செருகி, யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால், யுஆர்என்டிஐஎஸ் டிரைவர் அதை யுஇ0 என்ற நெட்வொர்க்காகக் காட்டும். டிஎச்கிளையன்ட் கட்டளையை அதன் மேல் ஓட்டினால் இன்டர்நெட் வந்துவிடும். அதை வைத்து மற்ற டிரைவர்களை இறக்கிக்கொள்ளலாம். கேபிளைப் பிடுங்கிவிட்டு இதையும் சோதித்துப் பார்த்தேன், ஓடுகிறது.

இன்ஸ்டால் ஆனதும் கிடைப்பது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான். திரையில் படம் வரைய எக்ஸ்ஆர்க், டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ, கிராபிக்ஸ் டிரைவருக்கு டிஆர்எம்-கேமாட், மூன்றையும் பேக்கேஜ் கட்டளையால் இறக்கினேன். ஆர்சி.கான்ஃப் கோப்பில் மாட்யூல் பட்டியலில் இன்டெல் கிராபிக்ஸுக்கான ஐ915கேஎம்எஸ் என்று சேர்க்க வேண்டும். பயனரை வீடியோ என்ற குழுவில் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவதைப் பலரும் விட்டுவிட்டு, டெஸ்க்டாப் ஏன் மெதுவாக இருக்கிறது என்று தலையைச் சொறிவார்கள். குழுவில் இல்லாத பயனருக்குக் கிராபிக்ஸ் சிப்பைத் தொடும் அனுமதி கிடையாது. எல்லாவற்றையும் புராசஸரே வரைந்துகொண்டிருக்கும். மாட்யூல் ஏறியதும் எழுத்து சட்டென்று சின்னதாகி, மானிட்டரின் முழு அளவுக்குத் திரை மாறியது. என் பழைய மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. பெட்டியிலோ டிஸ்ப்ளே போர்ட்டும் எச்டிஎம்ஐயும். அதற்கு ஒரு டிஸ்ப்ளே போர்ட்-விஜிஏ கன்வெர்ட்டர், 450 ரூபாய், அழுதேன்.

கிராபிக்ஸ் மாட்யூல் விஷயத்தில் ஒரு முன்னெச்சரிக்கை. அது கெர்னலோடு, அதாவது இயங்குதளத்தின் மையக்கருவோடு, ஒட்டிப் பிறந்தது. 14.3-லிருந்து அடுத்ததற்குப் போகும்போது மாட்யூல் பழைய கெர்னலுக்குக் கட்டப்பட்டதாக இருந்தால் திரை கறுத்துவிடும். 14.2-லிருந்து கெர்னல் மாட்யூல்களுக்கென்று தனிப் பேக்கேஜ் கிடங்கு வைத்திருக்கிறார்கள், தொல்லை குறைந்திருக்கிறது. அப்படியும் அப்டேட் செய்யுமுன் பிஇசிடிஎல் கட்டளையால் ஒரு பூட் சூழலை உருவாக்கி வைப்பேன். இசட்எஃப்எஸ் என்பதால் ஒரு நொடி வேலை, இடமும் பிடிக்காது. ஏதாவது கெட்டுப்போனால் பூட் மெனுவில் பழைய சூழலைத் தேர்ந்தெடுத்தால் நேற்றைய கணினி திரும்பிவிடும். ஒரு முறை வேண்டுமென்றே மாட்யூலை அழித்துவிட்டு, இந்த வழியாகத் திரும்பி வந்து பார்த்தேன்.

ஒலிக்கு டிரைவர் தானாக வந்தது, ஆனால் ஒலி போனது டிஸ்ப்ளே போர்ட் பக்கம். அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. எஸ்என்டிஸ்டாட் கோப்பைப் படித்தால் பிசிஎம்0, பிசிஎம்1 என்று ஒலிச் சாதனங்கள் வரிசையாக இருக்கும். பின்பக்க ஜாக் ஒன்று, முன்பக்க ஹெட்போன் ஜாக் ஒன்று, டிஸ்ப்ளே போர்ட் ஒன்று, எல்லாம் தனித்தனி. எது இயல்பு என்பதைச் சிஸ்சிடிஎல் கட்டளையில் டிஃபால்ட் யூனிட் எண்ணை மாற்றிச் சொல்லிவிடலாம். விண்டோஸில் ஹெட்போனைச் செருகியதும் ஒலி அங்கே தாவும், இங்கே நானே எண்ணை மாற்றுகிறேன். இரண்டு வரி ஸ்கிரிப்டை ஒரு பொத்தானில் வைத்தாயிற்று.

உறங்க வைத்து எழுப்புவதும் ஓடுகிறது. ஆறாம் தலைமுறை மெஷின்களில் எஸ்3 என்ற பழைய உறக்க நிலை இருக்கிறது, ஃப்ரீபிஎஸ்டிக்கு அது பழக்கம். புது லேப்டாப்கள் பலவற்றில் எஸ்3-ஐ எடுத்துவிட்டு வேறு முறையைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஃப்ரீபிஎஸ்டி அறக்கட்டளை லேப்டாப்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கி அதில் வேலை செய்துகொண்டிருக்கிறது. அது வரும்வரை, லேப்டாப் மூடியை மூடினால் தூங்க வேண்டும் என்பவர்கள் பழையதையே பார்க்கலாம்.

லேப்டாப்தான் வேண்டும் என்று அக்கா மகன் கேட்டான். அவனுக்குத் திங்க்பேட் டி470 என்று எழுதிக் கொடுத்தேன். ஆறாம் அல்லது ஏழாம் தலைமுறை, இன்டெல் ஈத்தர்நெட், இன்டெல் 8260 அல்லது 8265 வைஃபை, எல்லாவற்றுக்கும் டிரைவர் இருக்கிறது. "மாமா, எக்ஸ்220 இன்னும் கம்மியா இருக்கே" என்றான். எக்ஸ்220 நல்ல கீபோர்டு, யார் இல்லை என்றது. ஆனால் அந்தக் காலத் திங்க்பேட்களின் பயாஸில் வைஃபை கார்டுகளுக்கு ஒரு அனுமதிப் பட்டியல் இருக்கிறது. பட்டியலில் இல்லாத கார்டை மாற்றிப் போட்டால் 1802 என்ற எண்ணோடு பிழையைக் காட்டி, பூட்டே ஆகாது. பழைய லேப்டாப்பில் வைஃபை சரியில்லை என்றால் கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்ற நம் சமாதானம் அங்கே செல்லாது. கைரேகை ரீடரை மறந்துவிடு என்றும் சொல்லிவைத்தேன். வைஃபை வேகத்தைப் பொறுத்தவரை, இன்டெல்லின் சில சிப்களுக்கு வைஃபையின் என், ஏசி என்ற வேகமான வகைகள் 14.3-ல்தான் வந்து சேர்ந்தன. வீட்டு இன்டர்நெட் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதற்குமுன் பழைய ஜி வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தவர்கள் உண்டு.

பிரிண்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பொதுவான அச்சு மொழி பேசும் பிரிண்டர் என்றால் கப்ஸ் என்ற அச்சு மென்பொருளைப் போட்டதும் ஓடும். ஜெராக்ஸ் கடைகளில் நாம் பார்க்கும் குட்டி லேசர் பிரிண்டர்களில் பல, தங்களுக்கென்று ஒரு தனி மொழியை வைத்துக்கொண்டு வேலையைக் கணினியின் தலையில் கட்டுபவை. அந்த மொழிக்கு டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. என்னிடம் இருப்பது அப்படிப்பட்ட ஒன்று. பிடிஎஃப் ஆக்கி போனுக்கு அனுப்பி, போனிலிருந்து தெருமுனைக் கடைக்கு அனுப்புகிறேன்.

தமிழுக்கு நோட்டோ எழுத்துருக்களை இறக்கினால் பிரவுசரில் கட்டம் கட்டமாகத் தெரிவது நின்றுவிடும். தட்டச்சுக்கு எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை. இந்தப் பதிவை அடித்தது அதில்தான்.

கணக்கு: பெட்டி 8,500, எஸ்எஸ்டி 3,400, ரேம் 1,300, கன்வெர்ட்டர் 450, கேபிள் 250, பேஸ்ட் 180, பேட்டரி 40. ஆக 14,120. ரேமும் எஸ்எஸ்டியும் நாளுக்கொரு விலை விற்கின்றன, நீங்கள் போகும்போது வேறாக இருக்கும்.

கையில் மிச்சம் 880 ரூபாய். பத்திரங்களுக்கும் போட்டோக்களுக்கும் இன்னும் ஒரே ஒரு பிரதிதான் இந்த மெஷினில் இருக்கிறது, அதனால் அடுத்த செலவு ஒரு ஹார்டு டிஸ்க். கேபினட்டில் அதற்கு இடம் இருக்கிறது. தேடும்போது எஸ்எம்ஆர் வகையைத் தவிர்க்கிறேன். அவற்றில் தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருப்பதால், ஒன்றைத் திருத்த பக்கத்தில் உள்ளதையும் திரும்ப எழுத வேண்டும். மிரரில் (ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் வைக்கும் அமைப்பு) ஒரு டிஸ்க் போய், புது டிஸ்க்கை இசட்எஃப்எஸ் மறுபடி நிரப்பும் நேரத்தில் இது மூச்சுத் திணறும். விளம்பரத்தில் சிஎம்ஆரா (தடங்கள் படியாத வகை) எஸ்எம்ஆரா என்று பெரும்பாலும் போடுவதில்லை. தயாரிப்பாளரின் தரவுத்தாளில் மாடல் எண்ணை வைத்துத் தேட வேண்டும். இரண்டு மாடல்களைக் குறித்து வைத்திருக்கிறேன், அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் பார்க்கலாம்.